மைனஸ் எங்கே இருக்கிறது

குளிர்பதன அறைகளைக் கண்காணிக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதும் குழுவில் நான் சேர்ந்த முதல் ஆண்டு அது. சோதனை அறையின் வெப்பநிலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் 0.2, 0.1, 0.0 என்று ஒழுங்காக வந்த எண், அடுத்த கணம் 255.9 என்று மாறியது. சென்சார் பழுது என்று எண்ணி வேறொன்றைப் பொருத்தினோம்; அதுவும் அதே இடத்தில் அதே எண்ணைக் காட்டியது. எங்கள் மூத்த பொறியாளர் சென்சார் அனுப்பிய மூலத் தரவை அப்படியே இருமத்தில், அதாவது 0, 1 என்ற பிட்டுகளாக, அச்சிடச் சொன்னார். வந்தது பன்னிரண்டு ஒன்றுகள். “இதுல மைனஸ் எங்க இருக்குன்னு காட்டுங்க, பார்ப்போம்” என்றார். என்னால் காட்ட முடியவில்லை. பிட்டுகளுக்குள் மைனஸ் என்று எதுவும் இல்லை. வாசிப்பவர் எந்த ஒப்பந்தத்தின்படி வாசிக்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது.

அந்தச் சென்சார் 12 பிட்டில் அளவைத் தருவது. ஒரு படி 0.0625 டிகிரி. 12 பிட்டில் எழுதக்கூடிய 4096 வடிவங்களில் 0 முதல் 2047 வரை உள்ளவை அப்படியே நிற்க, 2048 முதல் 4095 வரை உள்ளவற்றிலிருந்து 4096-ஐக் கழித்து எதிர்ம எண்களாக வாசிக்க வேண்டும். பாடநூல்கள் இதை இரண்டின் நிரப்பி என்கின்றன. அலுவலகத்தில் நாங்கள் டூஸ் காம்ப்ளிமென்ட் என்றே சொல்வோம். ஆகவே 4095 என்பது -1. சென்சார் சொன்னது -0.0625 டிகிரி. எங்கள் நிரலோ அந்த 12 பிட்டை 16 பிட் மாறியில் வைத்து, மேலே மிஞ்சிய நான்கு இடங்களிலும் பூஜ்யத்தை நிரப்பியிருந்தது. முதல் பிட் 1 என்றால் அந்த நான்கிலும் 1-ஐ நிரப்பியிருக்க வேண்டும். திருத்தம் ஒரே வரியில் முடிந்தது.

இப்படி ஒரு சுற்றுவழி ஏன் என்று அன்று மாலை அவரிடம் கேட்டேன். பதிலாக அவர் தாளில் 5-லிருந்து 9-ஐக் கழித்துக் காட்டினார். 9 என்பது எட்டு பிட்டில் 00001001. எல்லாப் பிட்டுகளையும் புரட்டினால் 11110110. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் 11110111. இதை 5-உடன், அதாவது 00000101-உடன் கூட்டினால் 11111100 கிடைக்கிறது. குறியில்லாமல் வாசித்தால் அது 252. 256-ஐக் கழித்து வாசித்தால் -4. கழித்தலுக்கென்று தனிச் சுற்றே தேவைப்படவில்லை. கூட்டல் சுற்றின் இரண்டாம் உள்ளீட்டில் பிட்டுக்கு ஒன்றாக, கட்டளை வந்தால் பிட்டைப் புரட்டும் எக்ஸ்ஓஆர் கேட்டுகளை வைத்து, ‘கழி’ என்று சொல்லும் ஒரே கம்பியை அவை எல்லாவற்றுக்கும் கொடுத்து, அதே கம்பியை வலக்கோடி இடத்தில் கூடுதலாக ஒன்றை ஏற்கும் கேரி உள்ளீட்டிலும் இணைத்துவிட்டால், புரட்டுவதும் ஒன்றைக் கூட்டுவதும் ஒருசேர நடந்துவிடுகின்றன. நான் பார்த்த சுற்றுகளில் இவ்வளவு சிக்கனமானது வேறில்லை. பிட்டுகளை வெறுமனே புரட்டி நிறுத்திக்கொள்ளும் ஒன்றின் நிரப்பி முறையில், சிடிசி 6600 போன்ற கணினிகளில், பூஜ்யத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 முழு எண்களுக்கு இரண்டின் நிரப்பியையே எடுத்துக்கொண்டது. ஆனாலும் சி++ மொழியின் தரநிலை அதைக் கட்டாயமாக்கியது 2020-இல்தான்.

இதே கணக்கு பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது. 16 பிட் டைமர் 65535-ஐத் தொட்டதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொடக்கம் 65500, முடிவு 100 என்றால் கழித்தல் தவறிவிடுமே என்று அஞ்சி, அதற்காகத் தனி நிபந்தனைகளை எழுதி வைத்திருந்தோம். உண்மையில் 16 பிட்டுக்குள் 100-லிருந்து 65500-ஐக் கழித்தால் 136 என்ற சரியான விடையே வருகிறது. கடந்த நேரம் ஒரு முழுச் சுற்றை எட்டாதவரை எதையும் சேர்க்கத் தேவையில்லை. அந்த நிபந்தனைகளை எல்லாம் நீக்கினோம்.

என்னை அதிகம் கலங்கவைத்தது மூன்றாவது நிகழ்ச்சி. அதிர்வை அளக்கும் ஒரு கருவியில், அளவின் குறியை நீக்கிய பிறகு அது வரம்பை மீறினால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். மிகக் கடுமையான அதிர்வின்போது மட்டும் ஒலிக்கவில்லை. 16 பிட்டில் எதிர்மப் பக்கம் -32768 வரை செல்லும். நேர்மப் பக்கமோ 32767-உடன் நின்றுவிடும். 1000000000000000 என்பதைப் புரட்டி ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், அதே எண்தான் திரும்பி வரும். குறியை நீக்கியும் -32768 ஆகவே நின்ற அந்த அளவு, எந்த வரம்பைவிடவும் சிறியதாகத் தெரிந்திருக்கிறது. ஆபத்து மிகுந்த கணத்தில் கருவி மௌனமாக இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அளவை முதலில் 32 பிட்டுக்கு மாற்றி, பிறகே குறியை நீக்குமாறு நிரலைத் திருத்தினோம். -32768 அன்றே எங்கள் சோதனைப் பட்டியலின் முதல் வரியில் ஏறியது.