துறைத்தலைவர் கடிதத்தைத்தான் முதலில் படிப்பேன்

கே அவார்டு என்ற ஆராய்ச்சி மானியத்துக்கான விண்ணப்பம் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்தால், ஆராய்ச்சித் திட்டத்தை நான் முதலில் திறப்பதில்லை. பிடிஎஃப்பின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்த் துறைத்தலைவர் எழுதிய கடிதத்தைத் தேடுவேன். நான் புள்ளியியல்காரி. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர்களின் ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. விண்ணப்பம் வெளியே போகும் முன் உள்ளுக்குள்ளேயே ஒரு ஒத்திகை ரிவ்யூ நடக்கும். அதிலும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். புள்ளியியல்காரி சாம்பிள் சைஸைத்தானே, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கைத்தானே, முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். சாம்பிள் சைஸ் தப்பாக இருந்தால் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். கடிதம் தப்பாக இருந்தால் துறையையே அசைக்க வேண்டியிருக்கும்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். என்.ஐ.எச். என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தரும் மானியங்களுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர் இருக்கும். கே என்று தொடங்குபவை ஆராய்ச்சியாளராக ஒருவரை வளர்த்தெடுக்கத் தருபவை. கே08 பெரும்பாலும் ஆய்வகத்தில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு. நோயாளிகளிடம் நேரடியாக ஆய்வு செய்பவர்களுக்கு கே23. கே01 பெரும்பாலும் பி.எச்.டி. முடித்தவர்களுக்கு. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை பணம் வரும். கே99 கொஞ்சம் வேறு மாதிரி: போஸ்ட்டாக் எனும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி நிலையில் இரண்டு ஆண்டு வரை, பிறகு ஆசிரியர் வேலை கிடைத்ததும் ஆர்00 என்று பெயர் மாறி இன்னும் மூன்று ஆண்டு வரை. எதுவானாலும், பணம் தீரும்போது இந்த ஆள் சொந்தக் காலில் நிற்கும் ஆய்வாளராக இருப்பாரா என்பதைத்தான் ரிவ்யூவர்கள் எடைபோடுகிறார்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். கே23 வாங்கினால் வேலை நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை, அதாவது 12 மாதத்தில் 9 மாத அளவை, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். கிளினிக், வார்டு, ராத்திரி ஆன்-கால், மாணவர்களுக்கு வகுப்பு, கமிட்டி எல்லாம் மிச்சமுள்ள 25க்குள் அடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்காரர்களுக்கு மட்டும் 50 சதவீதம் வரை இறங்கி வருவார்கள், கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதே.

இந்த 75 சதவீதத்துக்கு முழுப் பணத்தையும் என்.ஐ.எச். தருவதில்லை. அதன் பல கிளைகள் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரைதான் தருகின்றன. ஒரு பேச்சுக்கு ஒரு மருத்துவரின் சம்பளம் 2,40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 சதவீதம் 1,80,000. துண்டு விழும் 80,000 டாலரைத் துறைதான் போட வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். அவர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும் வருமானமும் போச்சு. இது போதாதென்று, பெரிய ஆராய்ச்சி மானியமான ஆர்01 வந்தால் நிர்வாகச் செலவு என்று பல பல்கலைக்கழகங்களுக்கு 50 சதவீதத்துக்கும் மேல் தனியாகக் கிடைக்கும்; கே அவார்டில் அது வெறும் 8 சதவீதம். ஆக, துறைத்தலைவர் கண்ணுக்கு கே அவார்டு வாங்கியவர் ஒரு பெருமையான செலவு. பத்திரிகைக் குறிப்பில் தலைவர் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். பட்ஜெட் கூட்டத்தில் முகம் மாறும். அவரைக் குறை சொல்லவில்லை, கணக்கு அப்படி.

அதனால்தான் கடிதம் முக்கியம். ஒரு சிறுநீரக மருத்துவர் தன் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பியிருந்தார். நம்ம ஊர்ப் பெண், கெட்டிக்காரி. கடிதத்தின் முதல் இரண்டு பத்தியில் பாராட்டு மழை. மூன்றாவது பத்தியில், 'இந்த விருது கிடைக்கும் பட்சத்தில் வரும் ஜூலை முதல் இவருக்கு உதவிப் பேராசிரியர் பதவியும் 75 சதவீத ஆராய்ச்சி நேரமும் வழங்கப்படும்' என்று இருந்தது.

"அக்கா, இவ்வளவு நல்லா எழுதியிருக்காரே, இதுல என்ன குறை?"

"பாராட்டெல்லாம் இருக்கும்மா. கிடைக்காத பட்சத்தில் என்ன செய்வாராம்?"

அந்தப் பக்கம் பதில் இல்லை. விருது கிடைப்பதைப் பொறுத்து நிறுவனத்தின் ஈடுபாடு இருக்கக் கூடாது என்பது என்.ஐ.எச்.சின் விதி. ரிவ்யூவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள். துறையே பந்தயம் கட்டத் தயங்கும் ஆள்மீது நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை.

அவர் தயங்கித் தயங்கித்தான் தலைவரைப் பார்க்கப் போனார். மாற்றி வந்த கடிதத்தைப் பார்த்தபோது எனக்கே வியப்பு. பதவி எப்படியும் ஜூலை முதல் உண்டு. வாரத்தில் அரை நாள் கிளினிக். ஆண்டுக்கு 8 வாரம் வார்டு, ஆன்-கால் அதற்குள்ளேயே. செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கை இன்னொரு மருத்துவர் எடுத்துக்கொள்வார். அரை நேர ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்குச் சம்பளம். சம்பளத்தில் விழும் துண்டைத் துறை ஏற்கும். பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தேன்: அரை நாள் கிளினிக் 10 சதவீதம், 8 வாரம் வார்டு ஏறத்தாழ 15. கிட்டத்தட்ட 25. 'போதிய பாதுகாக்கப்பட்ட நேரம் தரப்படும்' என்று மொட்டையாக எழுதும் கடிதங்களில் இந்தக் கூட்டல் போட வழியே இருக்காது.

கடிதம் இப்படி இருந்தும் நேரம் களவு போகும் என்பது வேறு கதை. யாராவது பிரசவ விடுப்பில் போவார்கள், 'இந்த ஒரு மாதம் மட்டும்' என்று கேட்பார்கள். மறுக்க முடியாது. அந்த ஒரு மாதத்துக்கு வால் முளைக்கும். எழுத்தில் எண்களோடு இருந்தால், திரும்பக் கேட்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு பிடியாவது இருக்கும்.

மற்ற பகுதிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கே விண்ணப்பத்துக்கு ஐந்து தலைப்புகளில் மதிப்பெண்: விண்ணப்பதாரர், பயிற்சித் திட்டம், ஆராய்ச்சித் திட்டம், வழிகாட்டிகள், நிறுவனச் சூழல். ஐந்தில் ஒன்றுதான் ஆராய்ச்சி. ஆனால் விண்ணப்பதாரரைப் பற்றிய பகுதிக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்துத் தரப்படும் 12 பக்கத்தில், பலர் ஒன்பது பக்கத்தை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டு மிச்சத்தில் தன்னைத் திணிப்பார்கள்.

பயிற்சித் திட்டம் படிக்கும்போதுதான் எனக்கு அதிகம் பொறுமை போகும். 'உயிரியல் புள்ளியியலில் மேம்பட்ட பயிற்சி பெறுவேன்' என்று ஒரு வரி. எதற்கு? சிறுநீரக மருத்துவரின் ஆய்வில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ஒரே நோயாளியிடம் பலமுறை எடுக்கப்படுகிறது. இடையில் சிலர் டயாலிசிஸுக்குப் போய்விடுகிறார்கள், சிலர் இறந்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களின் எண்களை மட்டும் பார்த்தால் நோய் தானாகக் குறைவதுபோல் தோன்றும். இந்தப் பொறியைத் தாண்டத் தனக்குத் தெரியாது, அதற்கு இன்ன கோர்ஸ், இன்ன ஆளோடு மாதம் இருமுறை உட்கார்ந்து வேலை, அது இரண்டாவது ஆண்டில் இந்த நோக்கத்துக்குப் பயன்படும் என்று எழுதினால் ரிவ்யூவர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாம் தெரிந்தவர் மாதிரி எழுதுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. எல்லாம் தெரிந்தவருக்குப் பயிற்சி மானியம் எதற்கு?

வழிகாட்டி விஷயத்தில் என் கருத்து எளிது: பெரிய பெயர் ஒன்றும் வேண்டும், போனை எடுக்கும் ஆள் ஒருவரும் வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருக்காது, இருவரைப் போடுங்கள். அப்புறம் ரெஃபரன்ஸ் கடிதங்கள் குறைந்தது மூன்று, அதிகம் போனால் ஐந்து. வழிகாட்டியின் கடிதம் இந்தக் கணக்கில் சேராது. எழுதுபவர்களே என்.ஐ.எச்.சின் இணையதளத்தில் நேரடியாக ஏற்ற வேண்டும். வந்து சேர்ந்ததா என்று நீங்கள் பார்க்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கெடு நாளன்று மூன்றாவது கடிதக்காரர் விமானத்தில் இருப்பார். இது இயற்கை விதி.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். கே08, கே23, கே01 மூன்றுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை. கே99க்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. இதய சம்பந்தமான வேலை என்றால் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் மூன்றாண்டு மானியம் உண்டு, எச்1பி விசாக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். விசாவில் இருக்கும் மருத்துவர்கள் பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்திலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு இதே மாதிரி விருது தருகின்றன. தொகை சிறிதாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். முதற்கட்டத் தரவு சேர்க்க அது போதும், தரவு இருந்தால்தான் பெரியதற்குப் போக முடியும்.

கிடைக்காவிட்டால்? என்.ஐ.எச்.சில் ஒரே விண்ணப்பத்தைத் திருத்தி ஒருமுறை திரும்பப் போடலாம். ஜூன் 12 கெடுவுக்குப் போட்டால் ரிவ்யூ அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும். விமர்சனக் குறிப்பு கைக்கு வந்து, திருத்தி, மார்ச் 12க்கு மறுபடி போட்டால் பணம் அந்த ஆண்டு இறுதி வாக்கில்தான். முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை ஆண்டு. இந்த இடைவெளியில்தான் பலர் கிளினிக்குக்கே போய்விடுகிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு ஆய்வுகளை என் மேசைக்கு வருபவர்களிடம் சொல்வதுண்டு. நெதர்லாந்தில் பி.எச்.டி. முடித்த புதியவர்களுக்கான மானியத்தை வைத்து 2018ல் வெளியான ஒன்று: மயிரிழையில் வென்றவர்கள், மயிரிழையில் தோற்றவர்களைவிட அடுத்த எட்டு ஆண்டில் இரண்டு மடங்குக்கும் அதிகமான நிதி பெற்றார்கள். தகுதியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. தோற்றவர்களில் பலர் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டது ஒரு காரணம். அடுத்தது 2019ல், என்.ஐ.எச். விண்ணப்பங்களை வைத்து. மயிரிழையில் தவறவிட்ட இளம் ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் அந்த அமைப்பைவிட்டே மறைந்துபோனார்கள். தாக்குப்பிடித்தவர்களோ, வென்றவர்களைவிட நீண்ட காலத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை எழுதினார்கள். பலவீனமானவர்கள் கழன்றுகொண்டதால் மட்டும் வந்த முடிவல்ல அது என்றும் காட்டியிருந்தார்கள். தோல்வி நல்லது என்று இதைத் திரித்துச் சொல்பவர்கள் மறைந்துபோனவர்களை மறந்துவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் துறையில் இன்னும் ஓராண்டு இடம் கொடுத்திருந்தால் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

திரும்பப் போடும்போது ஒரு பக்க முன்னுரையில் விமர்சனங்களுக்குப் பதில் எழுத வேண்டும். அங்கே சண்டை வேண்டாம். ரிவ்யூவர் தப்பாகப் படித்திருந்தாலும், அவர் அப்படிப் படிக்கும்படி எந்த வரி இருந்தது என்று தேடித் திருத்துங்கள். கே விண்ணப்பங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை, வழிகாட்டிக் குழுவில் இன்ன துறைக்காரர் இல்லை என்பது. அதைத் தீர்ப்பது சுலபம், ஆளைப் பிடித்தால் போதும். புள்ளியியல் என்று எழுதியிருந்தால் என்னிடம் வாருங்கள். எம்.ஆர்.ஐ. என்று எழுதியிருந்தால் ரேடியாலஜியில் யாரையாவது பாருங்கள். என்னைக் குழுவில் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். ஸ்கேனைத் தலைகீழாகக் காட்டினால்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.