விரலில் சுற்றிய துணி

கேம் செய்வதென்றால் முதலில் கதை, அப்புறம் நிரல், கடைசியில் படம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மூன்று பேர் குழுவில் வேலை அப்படிப் போகவில்லை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கடலில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். நிரல் நான் எழுதுகிறேன். ஒலிக்கு ஒரு நண்பர். வரைவது தங்கச்சிமடத்துப் பெண்.

அவளுக்குக் கொடுக்கப் பணம் போதாத மாதங்கள் உண்டு. அப்போதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: "ஏண்ணே கஷ்டப்படுறீங்க? ஏஐகிட்ட கேட்டா அரை மணி நேரத்துல எல்லாப் படமும் வந்துருமே." வரத்தான் செய்யும். கேட்டும் பார்த்தோம். வந்த பெண் பளிங்கு போன்ற நீலத் தண்ணீரில், பட்டுச் சேலையும் விரித்த கூந்தலுமாக மிதந்தாள். இன்னொரு படத்தில் முதுகில் ஆக்சிஜன் உருளை. இங்கே அந்த வேலைக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, முடியை இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டி, பையோடு இறங்குகிறவர்கள்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. 2022 ஆகஸ்டில் வெளிவந்த, எழுதிக் கேட்டால் படம் தரும் ஏஐயான ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயன்-5பி என்ற பெருந்தொகுப்பின் பகுதிகளை வைத்துப் பயிற்சி பெற்றது. அந்தத் தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்களுக்கான இணைப்புகளும் அவற்றின் விவரக் குறிப்புகளும் இருந்தன. முதல் பதிப்புகளின் பயிற்சியில் பெரும்பங்கு ஆங்கிலக் குறிப்புள்ள படங்களுக்குத்தான். எங்கள் பக்கத்துப் பாம்பன் சின்னப்பாலத்துக் கரையைப் படமெடுத்து ஆங்கிலத்தில் விவரம் எழுதி வலையில் ஏற்றியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வரைந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் படங்களையும் சேர்த்து வாரிக்கொண்டதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் அதைச் சரிசெய்துவிட்டால்கூட, எங்கள் வேலைக்கு அது உதவாது. காரணம் வேறு.

எங்கள் ஓவியர் கரையில் உட்கார்ந்து ஒரு பெரியம்மாவை வரைந்துகொண்டிருந்தாள். முகம், சட்டை, கண்ணாடி எல்லாம் முடித்திருந்தாள். எட்டிப் பார்த்த பெரியம்மா, "கைய வெறுங்கையா விட்டுட்டியே தாயி, பாறை கிழிச்சுப்புடும்ல" என்றார். பழைய சேலைத் துணியை நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து சுற்றி, கணு மடங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்த்தி, முனையைப் பல்லால் இழுத்து முடிந்தார். இறுக்கிச் சுற்றினால் விரல் மடங்காது, பாசி பிடிபடாது. தளர்த்தினால் தண்ணீருக்குள் அவிழ்ந்துவிடும்.

அன்று ராத்திரியே கேம் மாறிவிட்டது. அதுவரை பொத்தானை அழுத்தினால் அந்தப் பெண் கடலில் குதித்துவிடுவாள். இப்போது குதிக்கும் முன் ஒவ்வொரு விரலாகத் துணி சுற்ற வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது ஆடுகிறவர் கையில். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற மூன்று வகைப் பாசியையும் ஒரே மாதிரி பிடுங்க முடியாது என்ற விதியும் அதிலிருந்தே பிறந்தது. வரைகிறவள் "இந்த விரல் எப்படி இருக்கும்?" என்று தடுமாறி நின்ற இடத்தில்தான் விளையாட்டு கிடைத்தது. ஏஐ அந்த இடத்தில் நிற்பதே இல்லை. எதையாவது போட்டு நிரப்பி, முடிந்த படமாகக் கையில் கொடுத்துவிடுகிறது. முடிந்த படத்தைப் பார்த்து யாருக்கும் கேள்வி வராது.

கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா' என்ற கேம் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதை வாங்கியது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். வீட்டில் இட்லி அவித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அப்படியொரு புதிர் தோன்றும்.

நிரல் எழுதும்போது நானும் ஏஐயிடம் உதவி கேட்கிறேன். அது மட்டும் சரியா என்று ஓவியரே கேட்டாள், கேட்க வேண்டிய கேள்வி. நிரல் தவறென்றால் பெரும்பாலும் ஓட்டிப் பார்த்த உடனே நின்றுவிடும். படம் தவறென்றால் எதுவும் நிற்காது. அந்தத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களைக் கேட்டு கேம் செய்கிறவர்கள் குறைவு. என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். அவளுக்கு அது முழுத் திருப்தி இல்லை.

விதிமுறைகளும் மெல்ல வருகின்றன. ஏஐ கொண்டு செய்த பகுதிகளைத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில், கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், ஒரு படக்கதையின் எழுத்துக்கும் அடுக்குமுறைக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ தந்த படங்களுக்கு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொன்னது. கையில் காசில்லாத சிறு குழுவுக்குச் சொந்தம் என்று இருப்பது கையால் வரைந்த படங்கள்தான். விற்று வருவதில் மூன்று பேருக்கும் சமபங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன வாரம் கேமை ஆடிப் பார்த்த பெரியம்மா விரல் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டார். "வாடைக் காத்துல வடகடலு இப்படித் தெளிஞ்சா கெடக்கும்? கலங்கிப்போயில்ல இருக்கும்." பாக் நீரிணைப் பக்கத்துக் கடலைத்தான் இங்கே வடகடல் என்பார்கள். அந்தப் பகுதி முழுவதற்கும் நிறம் மாற்ற வேண்டும். ஓவியர் ஆரம்பித்துவிட்டாள். கலங்கலில் பாசியைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், எனக்கும் வேலை வந்திருக்கிறது.