வழுக்கல் போயிற்று: அட்டன் குளிரில் எபொக்சி

நாங்கள் கட்டும் படகுக்கு நேற்று மாலை பூசிய எபொக்சி கோட் (ரெசின் என்ற பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் கலந்தது) காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், தண்ணீர் முத்துமுத்தாக ஒதுங்காமல் ஒரே படலமாகப் பரவியது. நாலு மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டினோம். இவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

படகு 23 அடி, பிளைவூட்டைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறை. இவர் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் அதிலேயே குடியிருந்து கிழக்குக் கரையில் சுற்றுவதாகத் திட்டம். கடலுக்கு இவ்வளவு தூரத்தில், அட்டன் மலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்காத ஆளில்லை. கொட்டகை இங்கேதானே இருக்கிறது. அகலம் ஏழரை அடிதான், லொறியில் ஏறிவிடும்.

தொல்லை கொடுத்தது ஹார்ட்னர். அதிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே வழுக்கும் மெழுகுப் படலமாகப் பூக்கும். இங்கே இரவில் 14 பாகை, பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். முதல் தடவை கழுவாமல் சாண்ட்பேப்பர் போட்டேன். தாள் அடைத்துக்கொண்டது, படலம் கீறல்களுக்குள் இறங்கிவிட்டது, அடுத்த கோட் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகி நின்றது. தின்னர் உதவாது. வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரும்தான் மருந்து. நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

வராமலே தடுக்க வேண்டும் என்று கரியடுப்பு வைத்தோம். வெப்பமானி 24 காட்டியது. காலையில் படலம் முன்னைவிடத் தடிப்பு! கரி எரிந்தால் வருவது அதே கரியமில வாயு. மண்ணெண்ணெய் என்றால் அதோடு நீராவியும் சேரும். மூடிய கொட்டகையில் கரி எரிப்பது உயிருக்கே ஆபத்து, யாரும் செய்யாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது கோழிக்குஞ்சுக்கு வைக்கும் 100 வாட் குண்டு பல்ப். ஆறு வாங்கி, தேயிலை நாற்றுமேடைக்குப் போடும் பொலித்தீனால் படகின் மேல் கூடாரம் கட்டி, பொலித்தீனில் படாமல் பல்புகளைத் தொங்கவிட்டோம். பூசுவதற்கு முன்பே மரத்தை 30 பாகைக்குச் சூடாக்கி, பல்பை அணைத்துவிட்டுப் பூச வேண்டும். சூடு இறங்கும்போது மரம் ரெசினை உள்ளே இழுக்கும், ஏறும்போது பூசினால் காற்றுக் குமிழ் கிளம்பும். ரெசின் இறுகத் தொடங்கியதும் பல்பை மறுபடி போடலாம். 10 பாகை கூடினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ரெசின் டின்னையும் வெந்நீரில் வையுங்கள். குளிரில் அது கித்துள் பாணி மாதிரிக் கெட்டியாகி, அளவு பிசகும். நான் இப்போது தராசில்தான் நிறுக்கிறேன். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் ஒன்றல்ல, டின்னில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பைபர் துணி நீர்கொழும்பில் வாங்கினோம், மீன்பிடிப் படகு கட்டுகிறவர்கள் இருப்பதால் அங்கே நல்ல தெரிவு. இனித் தண்ணீர்த் தாங்கி. போன வாரம் வீட்டில் அளந்து பார்த்தோம், குடிக்கவும் சமைக்கவும் இருவருக்கும் நாளுக்கு 8 லீட்டர். 100 லீட்டர் என்றால் பன்னிரண்டு நாள். படுக்கையை 6 அடி 4 அங்குலத்துக்கு நீட்டிவிட்டேன், இவர் காலை மடக்காமல் தூங்கட்டும். கிழக்கில் கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டம்பர் வரை, அதற்கு முன் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதக்கவிட்டுப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும்.

சரி, வலதுபக்கம் இன்னும் வெறும் மரமாக நிற்கிறது. பல்புகளை அந்தப் பக்கம் மாற்றியாயிற்று, வெப்பமானி இப்போது 27.