எப்பத்தா: ஏழு வசனங்களுக்கு ஐந்து மாதம்

மாற்கு 7-ஆம் அதிகாரம், 31 முதல் 37 வரை. ஏழே வசனம். காது கேளாத ஒருவரை இயேசு 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படு' என்று சொல்லிக் குணமாக்கும் பகுதி. இதை இந்திய சைகை மொழிக்குக் கொண்டுவர எங்கள் குழுவுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குழுவில் ஐந்து பேர். மூன்று பேருக்குக் காது கேட்காது, மொழிபெயர்ப்பாளர்கள் அவர்கள்தான். என் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் எனக்குச் சைகைதான் முதல் மொழி, தமிழை அப்புறம்தான் ஆச்சியிடம் கற்றுக்கொண்டேன். மூலத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது என் வேலை. இன்னொரு நண்பருக்குக் காது கேட்கும், ஆனால் அவரை எங்கள் பேச்சு எதிலும் சேர்க்கவில்லை. நாங்கள் எடுத்த வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, தனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதிக் கொடுப்பார். அதை மூலத்தோடு வைத்துப் பார்த்தால் எங்கே வழுக்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

முதலில் வெள்ளைப் பலகையில் படம் படமாக வரைவோம், பிறகு போனில் ஒரு வரைவு, பின்மொழிபெயர்ப்பு (அந்த நண்பர் தமிழில் எழுதிக் கொடுப்பது), திருத்தம், வேறு ஊர்களில் காது கேளாதவர்களுக்குப் போட்டுக் காட்டுவது, கிரேக்கம் தெரிந்த ஆலோசகரோடு உட்காருவது, கடைசியாக ஸ்டுடியோ. தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்ளலாம். வீடியோவில் ஒரு சைகை தப்பு என்றால் அதே கறுப்புச் சட்டை, அதே வெளிச்சம், மறுபடி முதலிலிருந்து.

31-ஆம் வசனத்திலேயே மாட்டிக்கொண்டோம். பழைய தமிழ் வேதாகமத்தில் தீரு சீதோன் எல்லைகளை விட்டுப் புறப்பட்டு வந்தார் என்று இருக்கிறது. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலோ தீருவிலிருந்து சீதோன் வழியாக வந்தார் என்று இருக்கிறது. வாயால் சொல்லும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. சைகையில் ஊர்களைக் காற்றில் இடம் பார்த்து வைக்க வேண்டும். சீதோன் தீருவுக்கு வடக்கே, கலிலேயாக் கடல் தென்கிழக்கே, அப்படியென்றால் கை முதலில் மேலே ஏறிவிட்டுத்தான் கீழே திரும்பி வரும். ஆலோசகரோடு பேசி அந்தப் பழமையான கிரேக்கப் பிரதிகளின் வழியையே எடுத்துக்கொண்டோம்.

அடுத்து அந்த மனிதர். பழைய மொழிபெயர்ப்பில் 'கொன்னைவாயுடைய ஒரு செவிடன்', 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவர்'. கிரேக்கத்தில் உள்ள மோகிலாலோஸ் என்ற சொல்லுக்குச் சிரமப்பட்டுப் பேசுகிறவர் என்று பொருள், அறவே பேசாதவர் என்று எடுக்க வேண்டியதில்லை. ஆக, வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயல்கிறார், சுற்றி இருப்பவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் குழுவில் உள்ள காது கேளாத அண்ணன் ஒருவர் அதை ஒரே தடவையில் நடித்துக் காட்டினார். கடையில், பேருந்தில் தினமும் அவருக்கு நடப்பதுதானே அது.

உமிழ்நீரில் மட்டும் மூன்று வாரம் போனது. 'உமிழ்ந்து, அவனுடைய நாவைத் தொட்டு' என்றுதான் வசனம். எங்கே உமிழ்ந்தார்? தரையிலா, விரலிலா? மாற்கு சொல்லவில்லை. எழுத்தில் சொல்லாமல் விடலாம். சைகையில் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரிந்தே தீரும். கடைசியில் விரல் நுனி என்று முடிவு செய்தோம். இதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம், 33, 34-ஆம் வசனங்களுக்கு நான் காது கேளாதவராக நிற்க, அண்ணன் இயேசுவாக நடித்துப் பார்த்தார். கூட்டத்தை விட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு காதிலும் விரல் வைத்தார். நாவைத் தொட்டார். அண்ணாந்து பார்த்தார். தோள் ஏறி இறங்கப் பெருமூச்சு விட்டார். அப்படியே நின்றுவிட்டு எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார்: "இவர் அவனிடம் சைகையில் பேசுகிறார்!"

எத்தனை தடவை படித்த வசனம் அது, எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உன் காது, உன் நாவு, மேலே இருந்து வரும் உதவி என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்த 'எப்பத்தா'வும் அப்படித்தான் என்றார் அண்ணன். ப்ப-வுக்கு உதடு மூடும், த்தா-வுக்கு நாக்கு பல்லைத் தொடும், க மாதிரி தொண்டைக்குள்ளே ஒளிந்துகொள்கிற எழுத்து ஒன்றுகூட இதில் இல்லை, உதட்டைப் பார்த்தே படித்துவிடலாம். அதனால் அந்த அரமேயச் சொல்லை எழுத்து எழுத்தாக விரலில் காட்டாமல் உதட்டில் விட்டோம், கை 'திற' என்று காட்டியது.

35-ஆம் வசனத்தில் வேலை நின்றது. 'அவன் செவ்வையாய்ப் பேசினான்.' எங்கள் குழுவில் உள்ள அக்கா இதைச் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். அவர் படித்த பள்ளியில் சைகை காட்டினால் கையில் அடி விழும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து, மூச்சுக்காற்று படும்வரை 'ப, ப' என்று சொல்ல வைப்பார்களாம். 1880-இல் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அதைத் தவறென்று ஒத்துக்கொள்ள 2010-இல் வான்கூவர் மாநாடு வரை ஆனது. நடுவே எத்தனை பிள்ளைகளின் கைகள். இதெல்லாம் தெரிந்தும், வசனத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், சொன்னேன். இரண்டு வாரம் அவர் வரவில்லை.

வந்தபோது ஒரு கேள்வியோடு வந்தார். "பேசிய பிறகு அவன் கைகள் எங்கே இருக்கின்றன?"

மாற்கு அதைச் சொல்லவில்லை. எப்படியும் வீடியோவில் கைகள் எங்கேயாவது இருந்தாக வேண்டும். காது திறந்ததையும், நாவின் கட்டு அவிழ்ந்ததையும், அவன் தெளிவாகப் பேசியதையும் அக்கா ஒன்றும் குறைக்காமல் செய்தார், கைகளை மட்டும் கீழே தொங்கவிடவில்லை. நெஞ்சுக்கு நேரே விரிந்த மாதிரியே நிற்கின்றன. ஆலோசகர் ஏற்றுக்கொண்டார். 37-ஆம் வசனத்து 'ஊமையர்' என்ற இடத்தில், முதியவர்கள் சிலர் பயன்படுத்தும் இழிவான சைகையை விட்டுவிட்டு 'பேசாதவர்கள்' என்று வைத்தோம்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது வருஷமாகக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர். பெருமூச்சு விடும் இடத்தை நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னார்.

அடுத்து மாற்கு 10, பர்திமேயு. அவருக்குக் கண் தெரியாது, சத்தம் கேட்டுத்தான் கூப்பிடுகிறார். சைகை மொழியிலோ யாரைச் சொல்கிறோம், எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்வைதான் காட்டும், கண்ணை மூடிக்கொண்டால் பாதி இலக்கணம் போய்விடும். திங்கட்கிழமை பலகையில் முதல் படம் வரைகிறோம்.