பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது

போன மாதம் எங்கள் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில், ஆப்பிரிக்க நாடான புருண்டியில் என்னோடு படையில் பணியாற்றிய நண்பரைப் பார்த்தேன். "தூக்கம் வருதாடா?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் ஆட்களுக்குள் அதுதான் நலம் விசாரிப்பு. "வருது அண்ணா, மாத்திரை இல்லாமலே வருது" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

2004இல் ஐ.நா. அமைதிப் படையோடு அங்கே போனோம். எனக்குப் பெரும்பாலும் இரவுக் காவல். டர்பன் திரும்பிய பிறகும் உடம்பு அந்தக் காவலை விடவில்லை. பதினோரு வருடம் மாத்திரை விழுங்கினேன். ஒவ்வொரு மாதமும் மருந்துச் சீட்டு மட்டும் புதுசாகும், தூக்கம் பழைய கதைதான். வேறு சிகிச்சை இருக்கிறது என்று அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நர்ஸாக இருக்கும் என் மகள்தான் சொன்னாள். அதன் பெயர் சி.பி.டி. ஐ (CBT-I), அதாவது தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தை சிகிச்சை. தூக்கத்தைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுவது. நீண்ட நாள் தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016லேயே பரிந்துரைத்திருக்கிறது. போய்க் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் மாத்திரைதான் கிடைக்கும்.

அந்தச் சிகிச்சைக்குப் போனால், மருத்துவமனைப் பதிவு கவுண்ட்டரில் முதல் நாளே வீண். காலை ஐந்தரைக்கு டாக்ஸி பிடித்து, வாரிக் ஜங்ஷனில் மாறி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். படைச் சேவைச் சான்றிதழின் நகலை அந்தப் பெண் இரண்டு நொடி பார்த்தார். நகல் சரிதான் என்று போட்ட போலீஸ் ஸ்டேஷன் முத்திரை நான்கு மாதம் பழையது, மூன்று மாதத்துக்குள் வேண்டும் என்று தள்ளிவிட்டார். அசல் கையிலேயே இருக்கிறது, பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் 2011ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டம் முன்னாள் படைவீரனுக்கு மருத்துவ வசதி உண்டு என்று சொல்கிறது, ஆனால் கவுண்ட்டரில் பேசுவது முத்திரைத் தேதி மட்டும். போகிற வாரத்திலேயே ஸ்டேஷனில் நான்கு நகலுக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

உளவியல் நிபுணர் நல்ல மனிதர். வலிப்பு உண்டா, இருமுனைக் கோளாறு (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்) உண்டா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்று முதலில் கேட்டார். இருந்தால் சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டுமாம், மறைக்காதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்தார்.

முதல் வேலை தூக்க நாட்குறிப்பு. அதில் நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன். விழிப்பு வரும்போதெல்லாம் விளக்கைப் போட்டு, மணி பார்த்து, நிமிடக் கணக்கில் எழுதினேன், ரோந்துப் பதிவேடு மாதிரி. அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். காலையில் எழுந்த பிறகு, குத்துமதிப்பாக எழுதினால் போதுமாம். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அன்றைக்கே திருப்பினேன்.

இரண்டாவது வாரக் கணக்கு இது. படுக்கையில் இருந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்து. படுத்த நேரத்தில் தூங்கியது சுமார் 56 சதவீதம். அது 85க்கு மேல் வர வேண்டும். அதனால் படுக்கை நேரத்தையே வெட்டிவிட்டார். இரவு பன்னிரண்டுக்குப் படுக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. தூங்காதவனைப் போய் இன்னும் குறைவாகப் படு என்கிறாரே என்று கோபம் வந்தது. பலர் விட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். முதல் பத்து நாள் கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருந்தது. அந்த நாட்களில் காரைத் தொடாதீர்கள். நான் சாவியை மகளிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த விதி, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து போய்விட வேண்டும், கண் சொக்கும்போதுதான் திரும்பி வர வேண்டும். மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "இந்த வயசில் தனியாப் போய் உட்காரணுமா?" என்று அழுதாள். அடுத்த சந்திப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சமையலறை மூலையில் எனக்காக ஒரு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்கில் ரூய்போஸ் தேநீர் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். அதில் காஃபின் இல்லை. மங்கலான விளக்கில் பேரனின் பள்ளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடிப்பேன். நான்காவது சட்டைக்குள் கண் சொக்க ஆரம்பித்துவிடும்.

கஷ்டமாக இருந்தது கேட் பூட்டுதான். ஒரு இரவில் ஐந்து, ஆறு முறை போய் இழுத்துப் பார்ப்பேன். எங்கள் பகுதியில் திருட்டு பயம் உண்மையானது, அதை நிபுணரும் மறுக்கவில்லை. "படுக்கும் முன் ஒரே முறை, மெதுவாக, கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு நாய் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். முதல் இரவு படுக்கையை விட்டு இறங்காமல் இருக்க மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்று வாரத்தில் கை தானாக விட்டது.

ஐந்தாவது வாரம் 88 சதவீதம். பென்சிலால் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. அப்புறம் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினோம். இப்போது பதினொன்றுக்குப் படுக்கிறேன்.

நிபுணர் கிடைக்கத் தாமதமானால், அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை வெளியிட்ட 'இன்சோம்னியா கோச்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. நாட்குறிப்பு எழுத அது போதும்.

கெட்ட கனவு மட்டும் இன்னும் வருகிறது. அதற்குத் தனியாக ஒரு பயிற்சி. கனவின் முடிவைப் பகலில் வேறு மாதிரி எழுதி, தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று ஒரு பக்கம் எழுதினேன். வியாழக்கிழமை அவரிடம் காட்ட வேண்டும்.