வேலியில் ஒரு பொட்டு

மலர்க்குழுத் தம்பி தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கட காலத்துக் கிரிக்கெட்டைப் பற்றி ரெண்டு பக்கம்" என்று கேட்டபோது ஓம் என்றுவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மைதானம் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வருவதெல்லாம் கலைப்பிரிவு உயர்தர வகுப்பின் தகரக் கூரையும், அதன் கீழே வியர்க்க வியர்க்க நின்று கரும்பலகையில் வேலி கீறிய வரலாறு மாஸ்டரும்தான். பெயர் எழுதத் தேவையில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு 'திகதிக்கு அரை' என்றால் போதும். கட்டுரையில் ஒரு திகதி விட்டால் அரைப் புள்ளி போய்விடும். கெஞ்சினாலும் திரும்பி வராது.

கெடுபிடி யுத்த (பனிப்போர்) பாடத்தை அவர் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. "ஆற்ற வீட்டில எல்லை வழக்கு நடக்குது?" என்று கேட்டார். பாதி வகுப்பு கையை உயர்த்தியது. யாழ்ப்பாணத்தில் வேறென்ன எதிர்பார்க்கலாம்? "சரி. பக்கத்துக் காணிக்காரன் வருசா வருசம் வேலி அடைக்கேக்க கதியாலை, அந்த வேலித் தடியை, அரை அடி அரக்கி நடுறான். நீர் என்ன செய்வீர்?" கத்தி எடுப்பேன் என்றான் ஒருவன். கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, போவேன் என்றான் இன்னொருவன். "ரெண்டும் இல்லை. சண்டைக்கும் போகாமல், காணியையும் விட்டுக் குடுக்காமல், அவன் அரக்கிற இடமெல்லாம் நிண்டு இறுக்கி அடைச்சுக்கொண்டே இருக்கிறது. கனகாலம் அடைச்சால் அவன் தானாக் களைச்சுப்போவான். இதைத்தான் 1946 பெப்ரவரியில மொஸ்கோவில இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜோர்ஜ் கெனன் சோவியத்தைப் பற்றி நீட்டுத் தந்தியில எழுதி அனுப்பினவர்."

பிறகு கதியால்கள் வரிசையாக நட்டார். 1947 மார்ச் 12, அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டொலர் கேட்டது ஒரு கதியால். 1949 ஏப்ரல் 4, நேட்டோ என்ற மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டு. 1954, மணிலாவில் கையெழுத்தான தென்கிழக்காசிய ஒப்பந்தம். 1955, பக்தாத் ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் வெண்கட்டியால் ஒரு குத்து. சோவியத் ஒன்றியத்தையும் சீனாவையும் சுற்றி வேலி முடிந்தபோது வெண்கட்டியும் முடிந்திருந்தது. கெனன் சொன்னது பெரும்பாலும் அரசியல், பொருளாதார வேலி. பின்னால் வந்தவர்கள் அதில் முள்ளுக்கம்பி சுற்றினார்கள், வியட்நாமில் குண்டும் போட்டார்கள். 1966இல் அந்த மனிசன் செனட் குழுவின் முன்னாலேயே போயிருந்து வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்தார் என்பதையும் மாஸ்டர் சொல்லத் தவறவில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊரில் கிடுகு (பின்னிய தென்னோலை) வேலியைக் கொஞ்சம் விலக்கி, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்ட ஓட்டையும் பொட்டுத்தான். படலையால் சுற்றிப் போனால் பத்து நிமிடம். பொட்டுக்குள்ளால் போனால் கறிச்சட்டி சூடு ஆறாது. எல்லை வழக்கு நடக்கிற வீடுகளுக்கு இடையிலும் பொட்டு இருந்தது என்பதுதான் விசேஷம். ஆண்கள் கோட்டுக்குப் போவார்கள், பெண்கள் பொட்டால் போவார்கள்.

மாஸ்டர் அடுத்த பாடத்துக்கு வந்தபோது கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் கூப்பன் அரிசி, அரசாங்கம் பங்கீட்டில் தருகிற அரிசி. "இந்த வேலியில ஒரு பொட்டு வச்சது ஆர் தெரியுமோ? நாங்கள்!"

1950இல் கொரிய யுத்தம் தொடங்கியதும் ரப்பர் விலை ஏறி, பிறகு விழுந்தது. அதே நேரத்தில் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. 1951 மே மாதம் ஐ.நா. சீனாவுக்கு யுத்தத் தேவைக்கான பொருட்களை விற்கக் கூடாதென்று தீர்மானம் போட்டது. ரப்பரும் அதில் அடக்கம். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை. உள்ளே வர நாங்கள் கேட்டதை சோவியத் தன் வீட்டோவால் தடுத்து வைத்திருந்தது, 1955 முடிவில்தான் இடம் கிடைத்தது. "அப்ப எங்களை உள்ளுக்கு விடாதது ரஷ்யன், அந்தப் புண்ணியத்தில சீனனுக்கு ரப்பர் வித்தம்" என்று மாஸ்டர் குலுங்கிச் சிரித்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

1952 டிசம்பரில் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) கையெழுத்தானது ரப்பர் - அரிசி ஒப்பந்தம். ஐந்து வருடங்களுக்கு, வருடம் 2,70,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் ரப்பர் போகும். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடவே கிடைத்தது. இதைச் செய்தது இடதுசாரி அரசாங்கம் என்று நினைத்தால் அரைப் புள்ளி போச்சு. பிரதமர் டட்லி சேனநாயக்க, வர்த்தக அமைச்சர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஆர்.ஜி. சேனநாயக்க. இரண்டு பேரும் ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிசம் என்றாலே முகம் சுளிக்கிற கட்சி. பீக்கிங்கோடு தூதரக உறவே 1957இல்தான் வந்தது. வாஷிங்டன் கோபித்துக்கொண்டு, 1956 வரை எங்களுக்கு உதவிப் பணம் தரவில்லை.

"ரப்பர் மரம் நேரில பாத்த ஆர்?" என்று கேட்டார். தகப்பன் களுத்துறையில் வேலை பார்த்த ஒருவன் மட்டும் எழும்பினான். எங்கள் பக்கத்தில் ஒரு ரப்பர் மரமும் கிடையாது, ஆனால் அரிசி எங்கள் சங்கக்கடைக்கும் (கூட்டுறவுக் கடை) வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்த்தேன். உலையில் கூப்பன் அரிசி. பக்கத்தில் பிட்டுக்குக் குழைக்க அமெரிக்கன் மா. கோதுமை எந்த நாட்டுக் கப்பலில் வந்தாலும் எங்களுக்கு அது அமெரிக்கன் மாதான். அம்மாவிடம் இந்த அடுப்படி அணிசேரா நாடு என்றேன். விறகு ஈரம், ஊதித் தா என்றார்.

இந்தப் பாடங்கள் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1972 பெப்ரவரி 21, அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீக்கிங்கில் இறங்கினார். விமானப் படியிலிருந்து வந்து தானே முதலில் கையை நீட்டி சீனப் பிரதமர் சூ என்லாயின் கையைப் பிடித்தார். அன்றைக்கே மாவோவையும் சந்தித்தார். ஐசனோவரின் உப ஜனாதிபதியாக இதே வேலியை எட்டு வருடம் காவல் காத்தவர் அவர். மறுநாள் மாஸ்டர் பேப்பரோடு வந்து, ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் வேலியைக் கீறினார். சீனப் பக்கத்தில் ஒரு கிடுகைக் கையால் அழித்தார். "20 வருசத்துக்கு முந்தி இதுக்குள்ளால நாங்கள் போனதுக்கு உதவியை நிப்பாட்டினவை. இப்ப ஆரடா போறது?" வகுப்பு மேசையைத் தட்டி ஆரவாரம் செய்ததில் உபஅதிபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி என் கதை. 83 இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் எப்படி வெளிக்கிட்டோம் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து ஏரோஃப்ளொட் என்ற சோவியத் விமானம், மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மன் அதிகாரி ஒருவர் கடவுச்சீட்டில் இடைவழி விசாவைக் குத்தினார். ஃப்ரீட்ரிச்ஸ்ட்ராஸ நிலையத்தில் அந்த முத்திரையைக் காட்டி, ஓடை போன்ற வழிகளால் நடந்து மின்சார ரயிலில் ஏறினோம். சில நிமிடங்களில் மேற்கு பேர்லின். அந்தப் பக்கம் கடவுச்சீட்டைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. ஜன்னலால் மதிலும் காவற்கோபுரமும் தெரிந்தன. அந்த ஊர்ச் சனம் தாண்டினால் சுடுகிற மதில், மானிப்பாய்ப் பொடியன்கள் மூன்று பேர் சூட்கேசோடு தாண்டிவிட்டோம். எனக்குக் கிடுகு வேலிதான் ஞாபகம் வந்தது.

அகதி முகாமிலிருந்து மாஸ்டருக்கு வான்கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுகம் விசாரிப்பு ஒரு வரி. பிறகு, சிவப்பு மையில்: "நீர் போன பொட்டை ரெண்டு பக்கத்தாரும் ஏன் அடைக்கேல்லை? காரணம் தருக. உமது கடிதத்தில் திகதி இல்லை. அரை."

அன்றைக்கு எனக்கு விடை தெரியவில்லை. அகதி விசாரணைக்கு அலைந்ததில் பதில் போடவும் இல்லை. 1986 ஒக்ரோபரிலிருந்து, போகிற நாட்டு விசா இல்லாதவர்களைக் கிழக்கு ஜேர்மனி ஏற்றுவதை நிறுத்தியது. 1989 நவம்பர் 9 மதிலே திறந்துவிட்டது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் மாஸ்டர் வன்னிக்குப் போனார் என்றும், அங்கேயே காலமானார் என்றும் பிந்தித்தான் அறிந்தேன்.

சேர், விடை இதுதான். மேற்குப் பக்கத்தார் பேர்லினை நாலு நாடுகளின் பொறுப்பிலுள்ள ஒரே நகரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் கடவுச்சீட்டுப் பார்த்தால் அதை நாட்டெல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கிழக்குப் பக்கத்தாருக்கோ விமானச் சீட்டுக் காசும் வந்தது, மேற்கை நெருக்க ஒரு பிடியும் கிடைத்தது. நான் போன திகதி 1984 நவம்பர் 17, சனிக்கிழமை.