ஒன்பதாம் வகுப்புக்கு ஜப்பானிய மொழி: ஒரு பாடத்திட்ட நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 29

வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாகத் தொடங்குவதென்று தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் பள்ளியின் நிர்வாகம் முடிவு செய்து, பாடத்திட்டம் எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் இப்பாடம் எந்த மொழியின் இடத்தையும் பிடிக்கப்போவதில்லை. பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் இதற்குக் கிடையாது. சக ஆசிரியர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கோ இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். தேர்வுகளும் மழை விடுமுறையும் ஆண்டுவிழா ஒத்திகையும் தின்றது போக முப்பது வாரம் மிஞ்சினால், ஆண்டுக்கு 40 மணி நேரம் கையில் நிற்கும். இந்த எண்ணை முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

2025 மே 3

தாளாளர் ஃபாதருக்குச் சான்றிதழ் வேண்டும். "பிள்ளைகள் படிச்சதுக்கு ஒரு ஆதாரம் கையில இருக்கணும் டீச்சர்" என்றார். அவர் மனத்தில் இருப்பது ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. 1984இல் தொடங்கிய இத்தேர்வு 2010இல் ஐந்து நிலைகளாகத் திருத்தியமைக்கப்பட்டது, அடிநிலை என்5. மொத்தம் 180 மதிப்பெண்; 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38ஆவது, கேட்டல் பகுதியில் 60க்கு 19ஆவது எடுத்தாக வேண்டும்.

என்5 நிலையை எட்டக் குறைந்தது 150 மணி நேரம் வேண்டுமென்பது ஆசிரியர்களிடையே பொதுவாகப் புழங்கும் கணக்கு. நம்மிடம் இருப்பது 40. பத்தாம் வகுப்பில் எந்தப் பெற்றோரும் இதற்கு நேரம் விடமாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிட்டு பதினொன்றாம் வகுப்பைச் சேர்த்தாலும் 80தான் ஆகிறது. போதாக்குறைக்கு, டிசம்பர்த் தேர்வு முதல் ஞாயிற்றுக்கிழமையில், இந்த ஆண்டு 7ஆம் தேதியில், வருகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா 3ஆம் தேதி முடிந்த கையோடு, அரையாண்டுத் தேர்வு தலைக்குமேல் தொங்கும்போது, பிள்ளைகளைக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாகச் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கைவிட எனக்கு முக்கியமான தடை ஒன்றுண்டு. அத்தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே விடையைத் தெரிந்தெடுக்கும் வினாக்கள். அதை வைத்துப் பாடம் அமைத்தால், வாயே திறக்காமல் தேர்ச்சி பெற்றுவிடும் பிள்ளைகளைத்தான் உருவாக்குவோம். எனவே ஜப்பான் பவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட கல்வித் தர வரையறையின் வழியில், "இந்தப் பாடம் முடிந்ததும் மாணவரால் எதைச் செய்ய முடியும்" என்ற கேள்வியை ஒவ்வொரு அலகுக்கும் தலைப்பாக வைக்கிறேன். சான்றிதழ் வேண்டுவோர்க்குப் பதினொன்றாம் வகுப்பில் தனியே சனிக்கிழமை வகுப்பு உண்டு என்று எழுதியதும் ஃபாதர் ஒப்புக்கொண்டார்.

2025 மே 8

எழுத்து. ஜப்பானியத்தின் இரு ஒலியெழுத்து வரிசைகளில், ஹிரகானாவில் 46, கதகானாவில் 46. இவற்றை ஆங்கில எழுத்துகளின் துணையோடு கற்பிப்பதே வழக்கமாக இருக்கிறது. இது நம் பிள்ளைகளைச் சுற்றுவழியில் இழுத்துச் செல்வதாகும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானிய எழுத்துப் பட்டியல் அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசையாகச் செல்கிறது. பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய ஒலியியல் மரபிலிருந்து வந்த வரிசை அது. ந-வுக்கும் ம-வுக்கும் இடையில் ஹ ஏன் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வரிசை பழங்காலத்தில் ப-வாக ஒலித்தது என்று சொல்லிவிடலாம். ப-வுக்கு அடுத்தது ம என்பது அவர்கள் முதல் வகுப்பிலேயே படித்ததுதானே. ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயிர்மெய் என்று விளங்கிவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

அண்டைவீட்டு எட்டாம் வகுப்புச் சிறுமியைக் கணக்கு நோட்டின் கட்டங்களில் எழுதவைத்துப் பார்த்தேன். வளைவுகள் நிறைந்த ஹிரகானா அவளுக்குத் தமிழைப்போலவே கைக்கு வந்தது. கதகானாவின் நேர்க்கோடுகளில்தான் திணறினாள். 'ஷி', 'த்ஸு' ஆகிய இரண்டிலும் இரு சிறு கீறலும் ஒரு நீண்ட கோடும்தான் உள்ளன. நீண்ட கோட்டைக் கீழிருந்து மேலே இழுப்பதா, மேலிருந்து கீழே இழுப்பதா என்பதில்தான் வேறுபாடு. பென்சிலை எங்கே முதலில் வைத்தாள் என்பதைப் பார்க்காமல், எழுதி முடித்ததை மட்டும் பார்த்தால் பிழை தெரியாது. கதகானாவுக்கு இரண்டாம் பருவத்தில் கூடுதலாக மூன்று வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

2025 மே 13

ஒலியில் நமக்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. 'கிதே' என்றால் வந்து, 'கித்தே' என்றால் அஞ்சல்தலை. குறில், நெடில், ஒற்று மிகுதல் ஆகியவற்றில் காது பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு நாள் பாடம். மாத்திரைக் கணக்கையும் அப்படியே கொண்டுபோகலாம். 'ன்' அங்கே அரை மாத்திரை இல்லை, முழு மாத்திரை என்பதை மட்டும் கைதட்டிப் பழக்க வேண்டும்.

செலவுக் கணக்கு வல்லினத்தில் இருக்கிறது. சாவியைக் குறிக்கும் சொல்லையும் ஒரு பழத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'தான். இடையில் வரும் ககரத்தை அழுத்திச் சொன்னால் பழம், தளர்த்திச் சொன்னால் சாவி. இந்தக் குறிப்பை எழுதும்போதே எனக்கு அந்தச் சிக்கல் இருக்கிறது. ஆகவே ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்வதற்கு முதல் மாதத்துக்குப்பின் அனுமதி இல்லை என்று விதி வைத்திருக்கிறேன். விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் வீட்டில் மலையாளமும் புழங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் கேட்கும். இணை சேர்க்கும்போது அவர்களை மற்றவர்களோடு கலந்து உட்காரவைக்க வேண்டும்.

2025 மே 19

இன்று முழுவதும் இலக்கண வரிசையோடு போராட்டம். சந்தையில் கிடைக்கும் பாடநூல்களின் வரிசை பெரும்பாலும் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவானது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் முழு வாக்கியத்தையே அடையாக வைக்கும் முறை அவற்றில் வெகுதொலைவில் வருகிறது. 'கினோ கத்தா சகானா' என்பது சொல்லுக்குச் சொல் 'நேற்று வாங்கின மீன்'. ஆங்கிலக்காரர் இதைத் தலைகீழாக்கித்தான் சொல்ல முடியும். குளச்சல் பிள்ளைக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இதை முன்னால் இழுத்துவிட்டேன்.

அதற்கு வழி 'தே' வடிவம். அது நம் வினையெச்சமேதான்: எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனேன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அந்தத் 'தே' இருக்கும் இடத்தில் 'தா' வைத்தால் இறந்தகாலம். அதுவே 'வாங்கின' என்ற பெயரெச்சமாகவும் நிற்கும். ஆகவே தே, தா, பெயரெச்சம் என்ற மூன்றும் அடுத்தடுத்த வாரங்களில் வரும்.

இதைவிட வியப்பானது துணைவினை. தின்று பார் என்பதற்கு 'தபெதே மிரு'. மிரு என்றால் பார். வாங்கி வை என்பதற்கு 'கத்தே ஒகு'. ஒகு என்றால் வை. தின்றுவிட்டேன் என்பதற்கும் இப்படியொரு துணைவினை தயாராக நிற்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் ஒரு பக்கம் ஆகும். தமிழில் கரும்பலகையின் ஒரு மூலை போதும்.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் ஸுஸுமு ஓனோவின் கோட்பாட்டைப் பாடத்தில் சேர்க்கலாமே என்று தமிழாசிரியர் ஐயா ஆவலோடு கேட்டார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று நிறுவ முயன்ற அந்த அறிஞரின் உழைப்பை மதிக்கிறேன்; ஆனால் ஒப்பியல் மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் அமைப்பு கொரியத்திலும் துருக்கியிலும் உண்டு. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒற்றுமை வகுப்பில் கைகொடுக்கிறது. அது போதும் என்றேன். ஐயாவுக்குச் சற்று வருத்தம்தான்.

தமிழ் கைவிடும் இடங்களையும் குறித்துவைத்தேன். பேசுபொருளைக் குறிக்கும் 'வா', எழுவாயைக் குறிக்கும் 'கா' என்ற இரு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்கு நேரான ஒன்று நம்மிடம் இல்லை. 'நானோ' என்பதில் உள்ள ஓகாரம் கொஞ்ச தூரம் வரும், பிறகு நின்றுவிடும். அங்கே விதி சொல்லாமல் வாக்கியங்களைக் கேட்கவைப்பதே வழி.

2025 மே 20

கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்: முதலாண்டில் நாற்பது போதும். மலை, ஆறு, வயல், மரம், மழை இவற்றிலிருந்து தொடக்கம். ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளே ஆறாண்டில் 1026தான் படிக்கிறார்கள்.

2025 மே 26

பேச்சுக்கான பொருள். தோக்கியோவில் ரயில் மாறுவது எப்படி என்ற உரையாடலை ஒன்பதாம் வகுப்பில் வைப்பதற்கு எனக்கு மனமில்லை. நம் ஊருக்கு வரும் ஒரு ஜப்பானியரிடம் இந்தப் பிள்ளைகள் எதைச் சொல்வார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்: பத்மநாபபுரம் அரண்மனை, ரப்பர் தோட்டம், ஒரே கரையில் நின்று பார்க்கும் உதயமும் அஸ்தமனமும். எண்களுக்கு 133 அடி வள்ளுவர் சிலை இருக்கிறது. நூற்று முப்பத்து மூன்று என்பதன் கட்டமைப்பு அங்கும் இதேபோல்தான். முந்நூறு, அறுநூறு, எண்ணூறு வரும்போது ஒலி திரிவதைப் புணர்ச்சி என்று சொன்னால் தலையாட்டுவார்கள். பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவதுதான் புதிது: ஓர் இலட்சம் அங்கே பத்துப் பத்தாயிரம்.

கோட்டாற்றில் 1544இல் நடமாடிய சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார் என்பதும் ஓர் அலகில் வரும். இம்மாவட்டத்துப் பிள்ளைக்கு ஜப்பான் வரலாற்றில் நுழைய இதைவிட நேரான வாசல் இல்லை.

2025 மே 30

பெற்றோர் கூட்டம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நர்சிங் முடித்தால் ஜப்பானில் வேலை கிடைக்குமா? செவிலியர் இல்லாத தெருவே இல்லாத மாவட்டத்தில் இது நியாயமான கேள்விதான். குறிப்பிட்ட திறன் பணியாளருக்கான விசாவை ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கியது, 2021 ஜனவரியில் இந்தியாவுடன் ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தானது, முதியோர் பராமரிப்பும் அதில் அடங்கும், ஆனால் அதற்கு என்5க்கு அடுத்த மேல்நிலையான என்4 அல்லது அதற்கு இணையான தேர்வோடு பராமரிப்புக்கெனத் தனி மொழித்தேர்வும் எழுத வேண்டும் என்று விளக்கினேன். "அப்பம் இது எதுக்கு டீச்சர்?" என்று ஒரு தந்தை நேராகவே கேட்டார். பின்னால் அந்தப் பாதையில் போகிறவருக்கு எழுத்தும் காதும் முன்பே பழகியிருக்கும். போகாதவருக்குத் தமிழ் இலக்கணம் இன்னொரு முறை விளங்கியிருக்கும் என்றேன். அரைமனதோடுதான் உட்கார்ந்தார், ஆனால் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

2025 ஜூன் 4

பள்ளி திறந்தாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் மதிய உணவுக்குப் பிந்தைய வேளை. கண்ணைச் சொக்கும் அந்நேரத்தில் எழுத்துப் பயிற்சி உதவாது. எனவே பேச்சுப் பயிற்சியை முதல் இருபது நிமிடத்துக்கு மாற்றினேன். பருவத் தேர்வில் 50க்கு 20 மதிப்பெண் வாய்மொழிக்கு. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் முப்பத்தாறு பேருக்கு ஒரு பாடவேளை போதாது. மூன்று வேளைகளில் பிரித்து நடத்த வேண்டும். காத்திருக்கும் பிள்ளைகளை நூலகத்தில் உட்காரவைக்க நூலகர் சம்மதித்துவிட்டார்.